செல்லைக் கழற்றும் முன்

"தம்பி, லெஃப்ட் சைடு ஓ2 ஏழு காட்டுது. ரைட் சைடு மூணரைதான். கொஞ்சம் வந்து பாரு."

அத்திப்பட்டு, வல்லூர், எண்ணூர், மணலி என்று கொதிகலன் ஓடும் எந்த ஆலையிலும் கண்ட்ரோல் ரூமிலிருந்து இன்ஸ்ட்ருமென்ட் செக்‌ஷனுக்கு இப்படி ஒரு போன் வரும். ஷிஃப்டில் இருக்கும் புதுப் பையன் ஸ்டோர்ஸில் ஒரு புதுச் செல் வாங்கிக்கொண்டு படியேறலாம். இல்லையென்றால், ஏழு என்பது உண்மைதானா என்று முதலில் விசாரிக்கலாம். முதல் ரகத்தார் அதிகம். இரண்டாவது ரகத்தாரைத்தான் சில வருடம் கழித்து "அனலைசர் ஆள்" என்று தனியாகக் கூப்பிட்டு வேலை கொடுக்கிறார்கள்.

ஐடிஐயோ டிப்ளமோவோ முடித்துவிட்டு இந்தப் பகுதி ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும் சேரப்போகிறவர்களுக்குமானது இது. வடசென்னையில் ஆக்சிஜன் அனலைசருக்குப் பஞ்சமில்லை. வட சென்னை அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் யூனிட் மூன்று, 600 மெகாவாட் யூனிட் இரண்டு, 2024-இல் வந்த 800 மெகாவாட் யூனிட் ஒன்று. வல்லூரில் 500 மெகாவாட் யூனிட் மூன்று. மணலியில் 1969-இலிருந்து கச்சா எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலை, அதைச் சுற்றி உரமும் பெட்ரோகெமிக்கலும். காமராஜர் துறைமுகத்தில் 2019-இல் தொடங்கிய எல்என்ஜி முனையம். ராயபுரத்தை ஒட்டிய சென்னைத் துறைமுகத்துக்கு வரும் எண்ணெய்க் கப்பல்கள். எல்லா இடத்திலும் யாரோ ஒருவர் ஆக்சிஜனை அளந்துகொண்டிருக்கிறார். அளக்கிற கருவி மட்டும் இடத்துக்கு இடம் வேறு.

எதற்கு அளக்கிறோம் என்று தெரியாமல் பராமரிக்க முடியாது. நிலக்கரி முழுதாக எரியத் தேவையான காற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஃபர்னஸுக்கு அனுப்புவார்கள். எக்கனாமைசர் வெளியேற்றத்தில் 3.5 சதவீத ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது என்றால் சுமார் 20 சதவீதம் கூடுதல் காற்று போகிறது என்று பொருள். இப்போது அனலைசர் பொய்யாக 7 காட்டுகிறது, ஏர் கண்ட்ரோல் ஆட்டோவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ட்ரோலர் காற்றைக் குறைக்கும். ஏற்கெனவே மூன்றரையில் இருந்த உண்மையான ஆக்சிஜன் பூஜ்யத்தை நோக்கி இறங்கும். கார்பன் மோனாக்சைடு ஏறும், சாம்பலில் எரியாத கரி தங்கும், சுவர்க் குழாய்களில் கசடு உருகி ஒட்டும். பொய் எதிர்ப்பக்கமாக, அதாவது குறைவாகக் காட்டினால் ஆபத்து இல்லை, பணம்தான் போகும். வேண்டாத காற்றையும் சூடாக்கிப் புகைபோக்கி வழியாக வெளியே விடுவீர்கள். நாளுக்கு ஆயிரக்கணக்கான டன் நிலக்கரி எரிக்கும் யூனிட்டில் அது சின்னக் கணக்கு இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பல டெக்னீஷியன்கள் யோசிப்பதில்லை. 2015 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்த அனல்மின் நிலைய மாசு வரம்புகளுக்கு, அளந்த மாசை 6 சதவீத ஆக்சிஜன் நிலைக்கு மாற்றிச் சொல்ல வேண்டும். அளந்த எண்ணை 15-ஆல் பெருக்கி, 21-இலிருந்து ஆக்சிஜனைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். புகைபோக்கியில் உண்மையில் 6 சதவீதம் இருக்க, உங்கள் மீட்டர் 4 என்று காட்டினால், வெளியே போகும் கந்தக டையாக்சைடு கணக்கில் 12 சதவீதம் குறைந்துவிடும். யாரும் திருடவில்லை, யாரும் மறைக்கவில்லை. ஒரு செல் கெட்டிருக்கிறது, அவ்வளவுதான். 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட 43 கடும் மாசுப் பகுதிகளின் பட்டியலில் மணலி இருந்தது. அந்த ஊரில் அந்த 12 சதவீதத்தை மூச்சாக இழுப்பவர்களில் உங்கள் வீட்டாரும் இருக்கலாம்.

மில்லிவோல்ட்டை நம்புங்கள், திரையை அப்புறம் பாருங்கள்

கொதிகலனில் இருப்பது பெரும்பாலும் ஜிர்கோனியா புரோப். யட்ரியா கலந்த ஜிர்கோனியா பீங்கான் வட்டு, இரண்டு பக்கமும் பிளாட்டினப் பூச்சு (இந்த வட்டுதான் செல்), 700 டிகிரி செல்சியசுக்கு மேல் அதைச் சூடாக வைத்திருக்க ஒரு ஹீட்டர், வெப்பம் பார்க்க ஒரு தெர்மோகப்பிள். அந்தச் சூட்டில் பீங்கான் வழியே ஆக்சிஜன் அயனிகள் நகரும். ஒரு பக்கம் சுத்தமான காற்று (ரெஃபரன்ஸ் காற்று), மறுபக்கம் புகை. இரண்டிலும் ஆக்சிஜன் அளவு வேறாக இருந்தால் மின்னழுத்தம் பிறக்கும். இந்த மின்னழுத்தத்துக்கான கணக்கைத் தந்த ஜெர்மன் விஞ்ஞானி வால்தர் நெர்ன்ஸ்ட், ஜிர்கோனியாவையும் யட்ரியாவையும் கலந்து 1897 வாக்கில் ஒரு விளக்கே செய்திருக்கிறார். 1976-இல் பாஷ் நிறுவனம் இதே பொருளைக் காரின் புகைக்குழாயில் வைத்தது. புல்லட் ஓட்டிப் பழகிய திருவொற்றியூர்க்காரர்களுக்கு ஒரு தகவல்: 2020-இல் பிஎஸ்6 வந்த பிறகு வெளிவரும் மோட்டார் சைக்கிள்களின் சைலன்சர் குழாயில் செருகியிருக்கும் ஆக்சிஜன் சென்சார் உங்கள் கொதிகலன் புரோப்பின் சின்னத் தம்பிதான்.

மனதில் வைக்க வேண்டியது ஒரே ஒரு விஷயம். இரண்டு பக்கமும் காற்று என்றால் பூஜ்யம் மில்லிவோல்ட். ஆக்சிஜன் பத்தில் ஒரு பங்காகக் குறையும் ஒவ்வொரு தடவையும், 736 டிகிரியில் ஓடும் செல்லில் சுமார் 50 மில்லிவோல்ட் ஏறும். அதாவது ஆக்சிஜன் குறையக் குறைய மின்னழுத்தம் கூடும். 7 சதவீதத்துக்குச் சுமார் 24, 3.5-க்குச் சுமார் 39, 2 சதவீதத்துக்குச் சுமார் 51. உங்கள் செல் வேறு வெப்பத்தில் ஓடினால் எண் கொஞ்சம் மாறும். கையேட்டில் அட்டவணை இருக்கும், அதை போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து வரும் ஒரு விபரீதத்தைக் கவனியுங்கள். செல்லின் ஒயர் அறுந்தால் மில்லிவோல்ட் பூஜ்யம். பூஜ்யம் என்றால் திரையில் 20.9. அறுந்துபோன கருவி, "காற்று ஏராளமாக இருக்கிறது" என்று சொல்கிறது! பழைய ரகக் கருவிகளில் அலாரம்கூட வராது. நேர்முகத் தேர்வுகளில் கேட்பதற்கு இதைவிட நல்ல கேள்வி இல்லை என்பது என் கருத்து. பதில் தெரியாதவர் கையேட்டைத் திறந்ததில்லை என்று புரிந்துவிடும்.

இனி அந்த லெஃப்ட் சைடு விவகாரத்துக்கு வருவோம். மேலே ஏறியதும் டெர்மினலில் மல்டிமீட்டரை வையுங்கள். 39 மில்லிவோல்ட் வருகிறது, திரையோ 7 சொல்கிறது என்றால் செல்லின் மேல் குற்றமில்லை. எலக்ட்ரானிக்ஸ், பழைய கேலிப்ரேஷன் எண்கள், வெப்ப அளவீடு என்று அந்தப் பக்கம் தேடுங்கள். 24 வந்தால், செல் பார்ப்பதை ஒழுங்காகத்தான் சொல்கிறது. அது பார்ப்பது புகையா, இடையில் நுழைந்த காற்றா என்பதுதான் கேள்வி.

காற்று நுழைய வழிகள் ஏராளம். கேலிப்ரேஷன் கேஸ் போகும் குழாயின் மூடி தளர்ந்திருக்கும். கொதிகலனுக்குள் இழுப்பு இருப்பதால் வெளிக்காற்று நேராகச் செல்லின் முகத்துக்கே போய்ச்சேரும். புரோப் ஃபிளாஞ்சின் கேஸ்கெட் போயிருக்கும். ரெஃபரன்ஸ் காற்று உள்ளே கசிந்து புகைப்பக்கம் வரும். அந்தக் காற்றைச் சற்று நேரம் நிறுத்திப் பாருங்கள், ரீடிங் இறங்கினால் கசிவு அங்கேதான். இவை எல்லாம் சரி என்றால் கருவியை விட்டுவிட்டு டக்டைப் பாருங்கள். எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் கிழிந்திருக்கலாம், மேன்ஹோல் கதவு சரியாக மூடாமல் இருக்கலாம். கையடக்க அனலைசரை பக்கத்து டெஸ்ட் பாயின்ட்டில் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்போது 7 உண்மை. ஆனால் ஃபர்னஸில் இருப்பது மூன்றரை. புதுச் செல் போட்டாலும் அதே 7 வரும். மெக்கானிக்கல் செக்‌ஷனுக்குச் சீட்டு எழுதிவிட்டு இறங்குங்கள்.

கையடக்கக் கருவியோடு ஒப்பிடும்போது ஒரு சிக்கல் உண்டு. கொதிகலனில் செருகிய புரோப் நீராவியோடு சேர்த்து அளக்கிறது. கையடக்கக் கருவி புகையை உறிஞ்சி, குளிரவைத்து, நீரைப் பிரித்துவிட்டு அளக்கிறது. புகையில் 10 சதவீதம் நீராவி இருந்தால், புரோப்பின் 3.5 கையடக்கக் கருவியில் 3.9 ஆகத் தெரியும். இரண்டுமே சரி. இரண்டையும் ஒன்றாக்குவதற்காக ஸ்பான் திருகியவர்களால் கெட்டுப்போன அனலைசர்கள் பல.

கேலிப்ரேஷன் என்றால் பட்டன் அழுத்துவது இல்லை

கேலிப்ரேஷனுக்கு இரண்டு சிலிண்டர்கள் போதும்: ஒன்று குறைந்த ஆக்சிஜன், மற்றது அதிகம், மீதி நைட்ரஜன். அதிகத்துக்குப் பதில் இன்ஸ்ட்ருமென்ட் ஏர் வைக்கும் ஆலைகளும் உண்டு. சிலிண்டரில் கட்டியிருக்கும் சான்றிதழில் காலாவதித் தேதியையும் அளவையும் பார்த்து, அந்த அளவைத்தான் கருவியில் ஏற்ற வேண்டும். சிலிண்டர் 2.03 என்று சான்று சொன்னால், 2 என்று வைக்கக் கூடாது.

பட்டனைத் தொடும் முன் கேஸை விட்டு, கருவி என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள். திருத்துவதற்கு முன் கண்ட எண், திருத்திய பின் கண்ட எண், இரண்டும் பதிவேட்டில் இருக்க வேண்டும். இதைச் செய்யாத ஆலைகள் ஏராளம். முன் எண் இல்லாத பதிவேடு வெறும் வருகைப் பதிவுதான். கருவி எவ்வளவு வேகமாக விலகுகிறது என்று அதிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. ஆறு மாத முன் எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் செல்லின் ஆயுள் தானாகத் தெரியும். எண் சிறிதளவே விலகியிருந்தால் திருத்தாமல் விடுவதே நல்லது. ஒவ்வொரு முறையும் திருத்திக்கொண்டிருந்தால் சிலிண்டரின் பிழையும் ரெகுலேட்டரின் பிழையும் உங்கள் கருவிக்குள் குடியேறும்.

கேஸை நிறுத்திய பிறகு அவசரமாக இறங்கிவிடாதீர்கள். ரீடிங் பழைய இடத்துக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். போன மாதத்தைவிடக் கணிசமாக மெதுவாகத் திரும்பினால், செல்லுக்கு முன்னால் இருக்கும் பீங்கான் டிஃப்யூசரைச் சாம்பல் அடைத்திருக்கிறது. நம்முடைய நிலக்கரியில் சாம்பல் அதிகம், ஆகவே இது அடிக்கடி நடக்கும். டிஃப்யூசர் அடைத்த புரோப் கேலிப்ரேஷனில் அழகாகப் பாஸ் ஆகும், ஏனென்றால் கேலிப்ரேஷன் கேஸ் அடைப்புக்கு உள்பக்கம் வருகிறது. உள்ளே தேங்கும் அழுத்தத்தால் அந்த எண்ணும் கொஞ்சம் திரிந்திருக்கும். பாஸ் ஆன கருவி கண்ட்ரோல் ரூமில் பத்து நிமிடம் பழைய செய்தியைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது செல்லின் மின்தடை. இன்றைய கருவிகள் தாமாகவே அளந்து காட்டுகின்றன. புதுச் செல்லில் சில நூறு ஓமுக்குள் இருக்கும். பிளாட்டினம் உதிர்ந்து, கந்தகமும் சிலிக்காவும் படிந்து ஆயுள் முடியும்போது ஆயிரங்களில் போகும். கையேடு சொல்லும் வரம்பைத் தாண்டியது, முன் எண்கள் விலகிக்கொண்டே போகின்றன, புது டிஃப்யூசர் போட்டும் வேகம் வரவில்லை: இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் செல் மாற்றச் சொல்வேன். வருடத்துக்கு ஒரு தடவை என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவதிலும், திரை அணையும்வரை தொடாமல் இருப்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை.

மாற்றும் நாள்

வேலை ஆரம்பிப்பது கொதிகலனின் மேல்தளத்தில் இல்லை, கண்ட்ரோல் டெஸ்க்கில். ஏர் கண்ட்ரோலை மேனுவலுக்கு மாற்றிவிட்டார்கள் என்று டெஸ்க் ஆள் வாயால் சொல்லக் கேட்டு, பர்மிட்டில் எழுதிய பிறகுதான் பவரைத் துண்டிக்க வேண்டும். பூட்டும் அட்டையும் உங்கள் பெயரில். "அண்ணே, கழற்றப் போறேன்" என்று வாக்கி டாக்கியில் மறுபடி ஒரு வார்த்தை சொல்வதால் யாரும் குறைந்துபோவதில்லை.

கொதிகலன் ஓடும்போதே புரோப்பை உருவ முடியும், உள்ளே இழுப்பு இருந்தால். சுத்திகரிப்பு ஆலை ஹீட்டர்களில் புரோப் இருக்கும் இடத்தில் அழுத்தம் வெளிப்பக்கமாக இருக்கலாம். ஆகவே அங்கே விசாரிக்காமல் போல்ட்டைத் தளர்த்தக் கூடாது. இடுப்பில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். உருவுவதை மெதுவாக, நின்று நின்று செய்யுங்கள். சூட்டிலிருந்து பட்டென்று வெளியே இழுத்தால் பீங்கான் விரிசல் விடும். திறந்த துளையை உடனே மூடுங்கள், இல்லையென்றால் பக்கத்துப் புரோப்பும் காற்றைப் பார்க்கும். முழுதாக ஆறும்வரை தொட வேண்டாம். சில புரோப்களில் ஹீட்டரைச் சுற்றிப் பீங்கான் நார் இருக்கும். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. துணியைக் கட்டிக்கொண்டு ஊதிச் சுத்தம் செய்யாதீர்கள், சரியான மாஸ்க் போடுங்கள்.

செல்லை மாற்றுவது அதற்கப்புறம் நான்கு போல்ட் வேலைதான். பழைய கேஸ்கெட்டை மறுபடி போடுவது மட்டும் மகா பாவம். அதைப் போட்டுத்தான் ரெஃபரன்ஸ் காற்று கசிவு ஆரம்பிக்கிறது. போல்ட்களைக் குறுக்குக் குறுக்காகச் சமமாக முடுக்குங்கள், செல்லின் முகத்தை விரலால் தொடாதீர்கள், இழைகளுக்குத் தயாரிப்பாளர் சொன்ன ஆன்டி சீஸை மட்டும் தடவுங்கள். ஹீட்டரின் மின்தடையையும் தெர்மோகப்பிளையும் கையோடு பார்த்துவிட்டால் மறுபடி ஏற வேண்டாம். கருவி இணைந்திருக்கும்போது மெக்கர் வைப்பது எலக்ட்ரானிக்ஸுக்குக் கொள்ளி.

புதுச் செல் சூடாகி நிலைக்கு வந்ததும் ஒரு கேலிப்ரேஷன். ஒரு நாள் ஓடவிட்டு இன்னொன்று. இரண்டாவதைச் செய்யாமல் கணக்கை முடிக்கிறவர்கள், அடுத்த வாரம் "புதுச் செல்லே டூப்ளிகேட்" என்று ஸ்டோர்ஸைத் திட்டுவார்கள்.

ஷட்டவுன் சமயம் பற்றி ஒரு வார்த்தை. நிலக்கரிக் கொதிகலன் நின்றுவிட்டது என்று புரோப்பின் பவரை அணைத்தால், குளிர்ந்த செல்லில் அமிலம் கலந்த ஈரம் படியும். ஆகவே சூடாகவே விடுவது வழக்கம். கொதிகலனுக்குள் தண்ணீர் அடித்துக் கழுவப் போகிறார்கள் என்றால் மட்டும் முன்கூட்டியே உருவிவிட வேண்டும். கேஸ் எரிக்கும் ஹீட்டரில் நிலைமை நேர் எதிர். தீ அணைந்து எரியாத கேஸ் உள்ளே தேங்கியிருக்கும் நேரத்தில், 700 டிகிரியில் இருக்கும் செல் அதைப் பற்றவைக்கப் போதுமானது. அதற்காகத்தான் ஃபிளேம் அரெஸ்டரும், தீ அணைந்ததும் செல்லின் சூட்டை நிறுத்தும் இன்டர்லாக்கும். அந்த இன்டர்லாக்கைப் பைபாஸ் செய்யச் சொல்லி யார் கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள்.

20.9 என்பது எந்த ஊர்க் காற்று?

எல்லாக் கையேடும் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம் என்கிறது. சரிதான், உலர்ந்த காற்றில். எண்ணூரில் 32 டிகிரி வெயிலும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள சாதாரண நாளில், காற்றில் சுமார் 3.5 சதவீதம் நீராவி. மீதியில்தான் ஆக்சிஜனுக்குப் பங்கு. கணக்குப் போட்டால் 20.2 தான் வருகிறது. கடற்கரையில் நின்றுகொண்டு, வெளிக்காற்றைக் காட்டி 20.9 என்று ஸ்பான் வைத்தால் தொடக்கத்திலேயே சுமார் 3.5 சதவீதப் பிழை. கொதிகலனில் மூன்றரையை அளக்கும்போது இந்தப் பிழை ஒரு தசமத்தோடு போய்விடும். மருத்துவமனைகளில் காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கும் பிஎஸ்ஏ நிலையங்களில் அப்படிப் போகாது; அங்கே 93 சதவீதம் என்பதை 96 என்று படிப்பீர்கள். ஸ்பானுக்கு நன்றாக உலர்ந்த இன்ஸ்ட்ருமென்ட் ஏரோ சிலிண்டரோ பயன்படுத்துங்கள். இன்ஸ்ட்ருமென்ட் ஏரின் டிரையர் ஒழுங்காக ஓடுகிறதா என்பதை அதற்கு முன் பாருங்கள். மழைக்காலத்தில் ரெகுலேட்டர் கிண்ணத்தில் தண்ணீர் தேங்கினால் டிரையர் ஓடவில்லை என்று அர்த்தம்.

உப்புக் காற்றுக்கும் இங்கே தனியாக ஒரு பங்கு உண்டு. ஜங்ஷன் பாக்ஸ் கிளாண்டுகளும் டெர்மினல் ஸ்குருவும் பச்சை பூத்துவிடும். மில்லிவோல்ட் சிக்னலில் துருப்பிடித்த ஓர் இணைப்பு போதும், ரீடிங் ஆட. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில், மூடி சீலையும் கிளாண்டையும் பார்த்துவிடுவது இந்தக் கரையின் அட்டவணை. எந்தத் தயாரிப்பாளரின் கையேட்டிலும் இருக்காது.

புயலும் கணக்கில் வரும். பாராமேக்னடிக் வகை அனலைசர்கள் ஆக்சிஜன் காந்தத்தால் ஈர்க்கப்படும் குணத்தை வைத்து அளப்பவை. நீர்மூழ்கிகளுக்காக 1940-இல் லைனஸ் பாலிங் வடிவமைத்தது இந்தக் குடும்பத்தின் மூத்தது. உள்ளே இருக்கும் நைட்ரஜன் நிரப்பிய கண்ணாடி டம்பெல், தலைமுடி மாதிரி ஒரு கம்பியில் தொங்குகிறது. அதைக் கையில் பிரித்துப் பழுது பார்க்க நினைக்காதீர்கள், முழு செல்லையும் மாற்றுவதுதான் வழி. காற்றழுத்தம் 1,010 மில்லிபாரிலிருந்து 990-க்கு இறங்கினால் இதன் ரீடிங்கும் 2 சதவீதம் இறங்கும், அழுத்தத் திருத்தம் இல்லாத கருவியில். புயல் வரும் நாளில் 20.9 என்பது 20.5 ஆகத் தெரிந்தால், ஸ்பானைத் தொடாமல் மழை விடும்வரை காத்திருங்கள்.

பிபிஎம் அளக்கும் சின்னச் செல்

நைட்ரஜன் தூய்மை பார்க்கும் இடங்களில் இருப்பது பெரும்பாலும் எலக்ட்ரோகெமிக்கல் செல். உள்ளே ஈயம் ஒரு மின்வாய், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல். ஆக்சிஜன் வரவர ஈயம் கரைந்து தீரும். மாற்றுவது உறுதி, எப்போது என்பதுதான் கேள்வி. ஆலையில் போட்டாலும் போடாவிட்டாலும் பையைத் திறந்த நாளிலிருந்து ஆயுள் ஓட ஆரம்பித்துவிடும். ஏசி இல்லாத ஸ்டோர்ஸில் மே மாதம் முழுக்கக் கிடந்த செல்லை வாங்கிப் போட்டு, சீக்கிரம் செத்துவிட்டது என்று புகார் சொல்வதில் பயனில்லை. மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். தேதி பார்த்து வாங்குங்கள்.

பையைக் கிழிக்கும் முன் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். நைட்ரஜன் ஓடிக்கொண்டிருக்கும்போதே பழையதைக் கழற்றி, புதியதை வைத்து, மூடிவிட வேண்டும். ஷார்ட்டிங் கிளிப்பை எடுக்க மறக்காதீர்கள். மறந்தால் ரீடிங் பூஜ்யம், கேஸ் பரமசுத்தம் என்று எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். செல் சில நொடி காற்றைப் பார்த்தாலே பிபிஎம்முக்கு இறங்கப் பல மணி நேரம் ஆகும். காற்றில் இருப்பது 2,09,000 பிபிஎம், நீங்கள் தேடுவது ஐந்தோ பத்தோ. பொறுமை வேண்டும்.

ரீடிங் அப்படியும் இறங்கவில்லையா? சாம்பிள் ஓட்டத்தைக் கூட்டிப் பாருங்கள். கூட்டியதும் எண் குறைந்தால் எங்கோ கசிவு. வெளியிலிருந்து நுழையும் காற்று ஒரே அளவுதான், அதிக கேஸில் அது நீர்த்துப்போகிறது. ஓட்டத்தை மாற்றியும் எண் அசையவில்லை என்றால் கேஸிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. குழாய்க்குள் அழுத்தம் அதிகம், காற்று எப்படி உள்ளே வரும் என்று வாதம் செய்வார்கள். வரும். வெளியே இரண்டு லட்சம், உள்ளே ஐந்து என்ற வித்தியாசம் இருக்கும்வரை ஆக்சிஜன் சின்ன இடுக்கிலும் எதிர்நீச்சல் போடும். ரப்பர், பிளாஸ்டிக் குழாய்களின் சுவரையே ஊடுருவி வரும். சாம்பிள் லைன் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான்.

கசிந்த செல்லை வெறுங்கையால் தொட்டால் தோல் வழுக்கும். அது காஸ்டிக், உடனே தண்ணீரில் கழுவுங்கள். ஈயம் உள்ள பழைய செல் 2016-இன் அபாயக் கழிவு விதிகளின் கீழ் வருகிறது. குப்பைக் கூடையில் போடாமல் ஆலையின் அபாயக் கழிவுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதே குடும்பத்துச் செல்தான் தொட்டிக்குள் இறங்குபவர் சட்டையில் மாட்டும் மீட்டரிலும் இருக்கிறது. 19.5-க்குக் கீழே போனால் கத்தும். எண்ணெய்க் கப்பல் டேங்க்கில் இனர்ட் கேஸ் நிரப்பி ஆக்சிஜனை 8 சதவீதத்துக்கு மேல் ஏறாமல் வைத்திருப்பார்கள். தீ வராமல் இருக்க அது நல்லது, மனிதன் உள்ளே போனால் சாவு. அந்த மீட்டரைக் காலையில் டேங்க் வாயருகே நின்று ஆன் செய்து, அங்கேயே "ஃப்ரெஷ் ஏர்" பட்டனை அழுத்துகிறவர்களைப் பார்த்தால் பிடித்துக் கேளுங்கள். மூச்சுக்கு ஆகாத காற்றை 20.9 என்று கருவிக்குக் கற்பிக்கிறார்கள்.

வேலைக்கு வருபவருக்கு

இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் ஐடிஐ இரண்டு வருடப் படிப்பு; சுத்திகரிப்பு, ரசாயன ஆலைகளுக்கென்றே கெமிக்கல் பிளான்ட் பிரிவும் உண்டு. இதற்கு மேல் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ. 1949-இல் குரோம்பேட்டை எம்ஐடி தொடங்கியபோது எடுத்த நான்கு படிப்புகளில் ஒன்று இன்ஸ்ட்ருமென்டேஷன்; நம்மூரில் இது புதுத் துறை இல்லை. அப்ரென்டிஸாகச் சேர ஐடிஐக்காரர்களுக்கு ஒரு தேசியப் பதிவுத் தளம், டிப்ளமோ, பட்டதாரிகளுக்கு இன்னொன்று. தென்மண்டலத்துக்கான பயிற்சி வாரியம் தரமணியில் இருக்கிறது. பொதுத்துறை ஆலைகள் அறிவிப்பு வெளியிடும்போது பதிவு எண் கையில் இல்லாமல் அலைவதைவிட முன்பே பதிந்துவைப்பது நல்லது.

அப்ரென்டிஸ் முடித்த பலருக்குக் கிடைப்பது பராமரிப்பு கான்ட்ராக்ட் வேலை. அதில் ஒரு நெருக்கடி இருக்கிறது. சில கான்ட்ராக்ட்களில் பில் எழுதுவது மாற்றிய செல் எண்ணிக்கையை வைத்து. "செல் நல்லாத்தான் இருக்கு சார், கேஸ்கெட்தான் போச்சு" என்று சொல்கிற பையன் மேஸ்திரிக்கு எரிச்சல். சொல்லிவிடுங்கள். எழுதியும் வையுங்கள். ஆலைத் தரப்பில் யாராவது ஒரு இன்ஜினியர் அந்தப் பதிவேட்டைப் படிப்பார், அடுத்த தடவை உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்பார். அனலைசர் தெரிந்தவர்கள் குறைவு. வால்வும் டிரான்ஸ்மிட்டரும் பார்க்கத் தெரிந்தவர்கள் நிறைய. தயாரிப்பாளர்களின் சர்வீஸ் பிரிவு, மாசு கண்காணிப்புக் கருவி நிறுவனங்கள், வளைகுடா ஆலைகள் எல்லாம் தேடுவது இந்தக் குறைவான கூட்டத்தைத்தான்.

தேர்வுக்குப் போகும் முன் ஒரு ஜிர்கோனியா அனலைசரின் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்துவிட்டுப் போங்கள். முன்னணித் தயாரிப்பாளர்கள் அவற்றை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். பழுது கண்டறியும் அட்டவணை பெரும்பாலும் கடைசி அத்தியாயத்தில் இருக்கும். கேள்விகள் அங்கிருந்துதான் வரும்.